முதலில் யார் வீட்டுக் கதவைத் தட்ட வேண்டும்?



இது நீளமான பதிவு. ஓய்வு பெற்ற கணக்கு டீச்சருக்கு வேறு வேலை இல்லை என்று தள்ளிவிட்டுப் போகாதீர்கள். என்னிடம் படித்தவர்களில் இந்துப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் நிறையப் பேர் இருக்கிறீர்கள். வேதாகமக் கதைகள் வரும் இடத்தில் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். சொல்ல வருகிற விஷயம் எல்லார் வீட்டுக்கும் பொதுவானதுதான்.

நேராகவே சொல்லிவிடுகிறேன். நம் கிறிஸ்தவக் குடும்பங்களில் மன்னிப்பைப் பற்றிய பிரசங்கம் பெரும்பாலும் தப்பான வீட்டில்தான் நடக்கிறது. அநியாயம் செய்தவர் வீட்டுக்கு யாரும் போவதில்லை. அநியாயம் அனுபவித்தவர் வீட்டுக்குத்தான் பெரியவர்கள் பைபிளும் கையுமாகப் போகிறார்கள். "ஆண்டவரே மன்னித்தாரே, நீ மன்னிக்கக் கூடாதா?" என்று கேட்கிறார்கள். காபி குடித்து, ஜெபம் பண்ணி, "பிரச்சனை முடிந்தது" என்று எழுந்து போகிறார்கள். யாருக்கு முடிந்தது? போனவர்களுக்கு முடிந்தது. செய்தவருக்கு முடிந்தது. பட்டவருக்கு அன்றைக்குத்தான் இரண்டாவது அடி விழுகிறது.

இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. கல்யாணப் பத்திரிகையில் பெயர் விட்டுப்போனது, வீட்டுக்கு வந்து அழைக்காமல் போனில் அழைத்தது, துக்க வீட்டுக்கு மறுநாள் வந்தது, சாப்பாட்டுப் பந்தியில் கவனிக்காமல் விட்டது. இதற்கெல்லாம் 10 வருஷம், 15 வருஷம் பேசாமல் இருப்பவர்களை எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும். ஒரே ஆலயத்தில், ஒரே வரிசையில் உட்கார்ந்து திருவிருந்து எடுத்துவிட்டு, வாசலில் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவார்கள். உண்மையில் மன்னித்து மறக்க வேண்டியவை இவைதான். இவற்றுக்கு விசாரணையும் வேண்டாம், சாட்சியும் வேண்டாம். ஒரு சிரிப்புப் போதும். ஆனால் இவற்றைத் தலைமுறை தலைமுறையாகக் காப்பாற்றுகிறோம். சொத்தைப் பறித்ததையும், மனைவியைக் கைநீட்டி அடித்ததையும் மட்டும் ஒரே சாயங்காலத்தில் மன்னித்துவிடச் சொல்கிறோம். சின்னக் கடனுக்கு வட்டி, பெரிய கடனுக்குத் தள்ளுபடி. இது என்ன கணக்கு?

கடன் என்ற வார்த்தையைச் சும்மா சொல்லவில்லை. பரமண்டல ஜெபம் மத்தேயு 6-ஆம் அதிகாரத்தில் வரும்போது, பாவத்துக்குக் கடன் என்ற சொல்தான் இருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்த சொல். கடன் என்றால் கொடுத்தவர் ஒருவர், வாங்கியவர் ஒருவர் இருக்க வேண்டும். தள்ளுபடி செய்யும் உரிமை கொடுத்தவருக்கு மட்டும்தான் உண்டு. பக்கத்து வீட்டுக்காரர் எனக்குத் தர வேண்டிய 1 லட்ச ரூபாயைத் தள்ளுபடி செய்ய என் சித்தப்பாவுக்கு என்ன அதிகாரம்? ஆனால் மன்னிப்பு விஷயத்தில் ஊரில் உள்ள எல்லாச் சித்தப்பாக்களும் அடுத்தவர் கணக்கைத் தள்ளுபடி செய்யக் கிளம்பிவிடுகிறார்கள். அவர்கள் பையிலிருந்து ஒரு ரூபாயும் போவதில்லை, தாராளத்துக்கு என்ன குறைச்சல்?

இனி வேதத்துக்கு வருவோம். மத்தேயு 18-ஆம் அதிகாரம். ஏழெழுபது தரம் மன்னிக்கச் சொன்ன அதிகாரம் என்று எல்லாருக்கும் தெரியும். 70 பெருக்கல் 7, 490. அது 22-ஆம் வசனம். அதற்கு முன்னால் 15, 16, 17 வசனங்கள் இருக்கின்றன. அவற்றை யாரும் உங்களிடம் வாசித்துக் காட்டியிருக்க மாட்டார்கள். உன் சகோதரன் உனக்கு விரோதமாகக் குற்றம் செய்தால் முதலில் தனியாகப் போய் அவன் குற்றத்தை அவனுக்கு உணர்த்து என்கிறார் ஆண்டவர். கேட்கவில்லை என்றால் ஒன்றிரண்டு பேரைச் சாட்சியாகக் கூட்டிக்கொண்டு போகச் சொல்கிறார். அதற்கும் கேட்கவில்லை என்றால் சபைக்குச் சொல்லச் சொல்கிறார். சபைக்கும் கேட்கவில்லை என்றால் அவனை வெளியாளாக எண்ணச் சொல்கிறார். மூன்று படிகளிலும் பேச்சு நடப்பது குற்றம் செய்தவனிடம். நாம் மூன்று படியையும் தாண்டிக் குதித்து நேராக 490-க்கு வருகிறோம். கணக்கில் இடையிலுள்ள படிகளை எழுதாமல் விடையை மட்டும் எழுதினால் நான் மதிப்பெண் கொடுத்திருக்கிறேனா?

இன்னொன்றையும் கவனியுங்கள். எத்தனை தரம் மன்னிக்க வேண்டும் என்று பேதுரு கேட்டது தன்னைப் பற்றி. "நான் எத்தனை தரம்" என்பது அவன் கேள்வி. அடுத்த வீட்டுப் பெண் எத்தனை தரம் மன்னிக்க வேண்டும் என்று அவன் கேட்கவில்லை.

அந்தக் கேள்விக்குப் பதிலாகத்தான் ஆண்டவர் ஒரு கதை சொன்னார். ஒரு ஊழியக்காரனுக்கு ராஜாவிடம் 10,000 தாலந்து கடன். ஒரு தாலந்து 6,000 வெள்ளிப்பணம் என்பது வழக்கமான கணக்கு. ஒரு வெள்ளிப்பணம் ஒரு நாள் கூலி. ஆக 6 கோடி நாள் கூலி. வருஷத்துக்கு 300 நாள் வேலை செய்தால் 2 லட்சம் வருஷம் ஆகும். அவ்வளவையும் ராஜா மன்னித்தார். அவன் வெளியே போய், தனக்கு 100 வெள்ளிப்பணம் தர வேண்டிய உடன்வேலைக்காரனின் கழுத்தை நெரித்துச் சிறையில் போட்டான். ஆறு லட்சத்தில் ஒரு பங்கு கடனுக்கு! இந்தக் கதையைப் பட்டவர்களிடம் சொல்லி "நீயும் மன்னி" என்கிறார்கள். சரி, எல்லாருக்கும் உரிய பாடம்தான். ஆனால் அந்தக் கதையில் கூட நின்று பார்த்த மற்ற வேலைக்காரர்கள் என்ன செய்தார்கள்? சிறையில் கிடந்தவனிடம் போய் "பொறுத்துக்கோப்பா, ஜெபம் பண்ணு" என்று சொல்லவில்லை. மிகவும் துக்கப்பட்டு, நடந்ததை ராஜாவிடம் போய்ச் சொன்னார்கள். சபையும் சொந்தமும் செய்ய வேண்டிய வேலை அது.

சகேயுவை நினைத்துப் பாருங்கள். ஞாயிறு பள்ளியில் மரமேறிய குள்ள மனிதனாக நடித்துக் காட்டியிருப்பீர்கள். அவன் ஆண்டவர் முன் எழுந்து நின்று சொன்னது என்ன? சொத்தில் பாதியை ஏழைகளுக்குக் கொடுக்கிறேன், யாரிடமாவது அநியாயமாக வாங்கியிருந்தால் நாலு மடங்காகத் திருப்பிக் கொடுக்கிறேன் என்றான். எண்ணாகமம் 5-ஆம் அதிகாரப்படி, குற்றத்தை அறிக்கையிட்டு, முதலோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக் கொடுத்தால் போதும். 100-க்கு 120. அவன் 400 கொடுக்கிறேன் என்றான். அதைச் சொன்ன பிறகுதான் அந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது என்று ஆண்டவர் அறிவித்தார். மனந்திரும்புதல் என்றால் கண்ணீர் மட்டும் இல்லை பிள்ளைகளே, திருப்பிக் கொடுப்பதும்தான்.

என் வகுப்பில் இருந்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். ஒருவன் இன்னொருவனுடைய ஜாமெட்ரி பாக்ஸை எடுத்துவிட்டால், "சாரி சொல்லிட்டேன் டீச்சர்" என்ற பேச்சு என்னிடம் எடுபடாது. முதலில் பாக்ஸ், பிறகு சாரி. பாக்ஸைத் தன் பையிலேயே வைத்துக்கொண்டு சொல்லும் சாரிக்கு என்ன பெயர்? 12 வயதுப் பிள்ளைக்குப் புரிந்த நியாயம் 60 வயதுப் பெரியவர்களுக்கு ஏன் புரிவதில்லை?

புரியாததற்குக் காரணம் இருக்கிறது. பாக்ஸ் இப்போது வீடாகவும் தோட்டமாகவும் மாறிவிட்டது. பட்டா மாற்ற வேண்டும் என்று சொல்லித் தங்கச்சிகளைப் பதிவு அலுவலகத்துக்குக் கூட்டிப்போய், விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கிய அண்ணன்மாரை நான் பார்த்திருக்கிறேன். பெயரைப் பாருங்கள், விடுதலைப் பத்திரம்! யாருக்கு யாரிடமிருந்து விடுதலை? 1925-ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி, கிறிஸ்தவத் தகப்பன் உயில் எழுதாமல் இறந்தால் மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு. கேரளத்தில் மேரி ராய் உச்ச நீதிமன்றம் வரை போய் 1986-இல் தீர்ப்பு வாங்கியதும், பழைய திருவிதாங்கூர்ச் சட்டத்தால் மறுக்கப்பட்ட இந்தச் சம உரிமைக்காகத்தான். தங்கச்சி தன் விருப்பத்தோடு, விவரம் தெரிந்து விட்டுக்கொடுத்தால் அது அவளுடைய பெருந்தன்மை. ஏமாற்றி வாங்கினால் அது திருட்டு. பிறகு அண்ணன் மகள் கல்யாணத்துக்கு அவள் வரவில்லை என்றால், "மன்னிக்கத் தெரியாதவள், இவளெல்லாம் கிறிஸ்தவளா" என்று பேச்சு அவள் மேல் திரும்புகிறது. திருடியவர் மேடையில் நின்று போட்டோ எடுத்துக்கொள்கிறார். பறிகொடுத்தவள் பாவி ஆகிறாள்.

அடி வாங்கும் பெண்களின் நிலை இதைவிடக் கொடுமை. "சிலுவை சுமக்கணும்மா" என்கிறார்கள். ஆண்டவர் தம்முடைய சிலுவையைத் தாமே ஏற்றுக்கொண்டார். ஒருத்தி தோளில் இன்னொருவர் ஏற்றிவிட்டு அதற்குச் சிலுவை என்று பெயர் வைப்பது தேவதூஷணம். என் மாணவியரே, உங்களுக்குத் தனியாகச் சொல்கிறேன். கை ஓங்குகிற வீட்டிலிருந்து வெளியே வருவது மன்னிக்காமல் போவது ஆகாது. மன்னித்துவிட்டும் வெளியே வரலாம். 2005-ஆம் ஆண்டு குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் உங்களுக்காக இருக்கிறது. 181 என்ற எண் இருக்கிறது. முதலில் உயிரோடும் பத்திரமாகவும் இருங்கள். மற்றதைப் பிறகு பேசலாம்.

"அப்படியானால் சிலுவையில் தொங்கியபடி ஆண்டவர் மன்னித்தாரே, ஸ்தேவான் கல்லெறி பட்டுக்கொண்டே மன்னித்தாரே, அவர்களிடம் யார் வந்து மன்னிப்புக் கேட்டார்கள்?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. யாரும் கேட்காமலே மன்னிக்கிற மனதுதான் கிறிஸ்தவத்தின் உச்சி. நான் அதைக் குறைத்துப் பேசவில்லை. கசப்பை வருஷக்கணக்கில் சுமக்கிறவர் உருக்குலைந்துபோவதையும் பார்த்திருக்கிறேன். ஆனால் அங்கே ஜெபித்தது யார்? அடிபட்டவரே. பக்கத்தில் நின்று யாரும் கட்டாயப்படுத்தவில்லை.

நம் நாட்டிலேயே ஒரு சாட்சி உண்டு. 1999 ஜனவரியில் ஒடிசாவின் மனோகர்பூரில், வண்டிக்குள் தூங்கிக்கொண்டிருந்த கிரகாம் ஸ்டெயின்ஸையும், 10 வயதும் 6 வயதுமான அவருடைய இரண்டு மகன்களையும் உயிரோடு எரித்தார்கள். அவர் மனைவி கிளாடிஸ், கொன்றவர்களை மன்னித்துவிட்டதாகச் சொன்னார். தொழுநோயாளிகளுக்கான ஊழியத்தையும் விடாமல் தொடர்ந்தார். உலகமே தலைகுனிந்தது. ஆனால் அதற்காக வழக்கு நிற்கவில்லை. முக்கியக் குற்றவாளியின் ஆயுள் தண்டனையை 2011-இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. போப் இரண்டாம் ஜான் பாலும் அப்படித்தான். தம்மைச் சுட்டவனை 1983-இல் சிறைக்கே போய்ச் சந்தித்தார். மன்னித்த மறுநாள் சிறைக்கதவு திறக்கவில்லை. இத்தாலி அவனுக்குப் பொதுமன்னிப்புக் கொடுத்தது 2000-இல்தான். மன்னிப்பு ஒரு பாதையில் போகும், நியாயம் இன்னொரு பாதையில் போகும். ஒன்று மற்றொன்றுக்குக் குறுக்கே படுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

மன்னிப்பு வேறு, ஒப்புரவாகுதல் வேறு. இதைக் குழப்புவதால்தான் பாதிச் சண்டை. மன்னிக்க ஒருவர் போதும். ஒப்புரவுக்கு இரண்டு பேர் வேண்டும். யோசேப்பு எகிப்தில் அண்ணன்மாரைப் பார்த்ததும் ஓடிப்போய்க் கட்டிப்பிடிக்கவில்லை. மூன்று நாள் காவலில் வைத்தான், சிமியோனைப் பிடித்து வைத்தான், பென்யமீன் சாக்கில் தன் பாத்திரத்தைப் போடவைத்தான். ஒரு காலத்தில் தம்பியை விற்கலாம் என்று யோசனை சொன்ன அதே யூதா, இந்தத் தம்பிக்குப் பதிலாக நான் அடிமையாகிறேன் என்று முன்வந்தபோதுதான் யோசேப்பு வாய்விட்டு அழுதான். அண்ணன்மார் மாறியிருக்கிறார்கள் என்று தெரிந்த பிறகுதான் கதவைத் திறந்தான். அதை வன்மம் என்று சொல்வீர்களா?

முடிக்கிறேன். இனிமேல் சமாதானம் பேச என்னைக் கூப்பிடுகிறவர்களுக்கு ஒரு நிபந்தனை. நான் முதலில் செய்தவர் வீட்டுக்குத்தான் போவேன். அங்கே காபி கிடைக்காது என்று தெரியும். பரவாயில்லை.

இதை வாசிக்கிறவர்களில் செய்தவர்களும் இருப்பீர்கள். உங்கள் மேல் எனக்கு வெறுப்பு இல்லை. மத்தேயு 5-ஆம் அதிகாரத்தில், உன்மேல் உன் சகோதரனுக்குக் குறை உண்டென்று ஞாபகம் வந்தால், காணிக்கையைப் பலிபீடத்தின் முன்பே வைத்துவிட்டு முதலில் அவனிடம் போ என்று ஆண்டவர் சொன்னது உங்களுக்காகத்தான். ஆலயத்துக்கு டைல்ஸ் போட்டுக் கல்வெட்டில் பெயர் பொறிப்பது அப்புறம் இருக்கட்டும். போகும்போது பழக்கூடை வேண்டாம். எதை எடுத்தீர்களோ அதைக் கொண்டு போங்கள். பத்திரமானால் பத்திரம், நகையானால் நகை, கெடுத்த பெயரானால் நாலு பேர் முன்னால் உண்மை. கதவு உடனே திறக்காமல் போகலாம். திறக்கிற நேரத்தை உள்ளே இருப்பவர் முடிவு செய்யட்டும்.

கமெண்டில் வெறும் "ஆமென்" போட்டுவிட்டுப் போகாதீர்கள். எதிர்த்துப் பேச வேண்டுமானால் பேசுங்கள், பதில் சொல்கிறேன். போக வேண்டிய வீடு ஏதாவது ஞாபகம் வந்தால் கமெண்ட் வேண்டாம், கிளம்புங்கள்.

அன்புடன்,
உங்கள் கணக்கு டீச்சர்