எருமைத் தொழுவம் என்றொரு ஆஸ்பத்திரி

பெரம்பூர், ராயபுரம் பக்கம் ஆர்.எஸ்.ஆர்.எம். ஆஸ்பத்திரின்னா தெரியாதவங்க கிடையாது. 1880-ல் ஆரம்பிச்சது, இன்னிக்கும் பிரசவ ஆஸ்பத்திரிதான். நான் சொல்ல வந்தது ஆஸ்பத்திரியா இருந்து ஆபீஸா மாறின ஒரு கட்டடம். இருக்கிறது சிங்கப்பூர்ல, நம்மாளுங்க கூடுற தேக்கா பக்கத்துல. பேரு கண்டாங் கெர்பாவ். மலாய்ல எருமைத் தொழுவம்னு அர்த்தம் :-) மாட்டு வியாபாரம் நடந்த ஏரியா அது.

1924 அக்டோபர் 1-ந்தேதி இலவசப் பிரசவ ஆஸ்பத்திரியா திறந்தாங்க. பெரியவங்களுக்கு 30 படுக்கை, குழந்தைகளுக்கு 12. அவ்வளவுதான். 1966-ல் அங்கே பிறந்த குழந்தைகள் 39,835! நாளைக்கு நூத்தி ஒன்பது. கின்னஸ்லயே ஏறிடுச்சு. 1997-ல் பக்கத்துலயே புதுசா கட்டி, பெண்கள் குழந்தைகள் மருத்துவமனைன்னு மாத்திட்டாங்க. பழைய கட்டடத்துல இப்போ நிலப் போக்குவரத்து ஆணையம். (நம்ம சென்னையில தலைகீழ். சட்டமன்றத்துக்குக் கட்டின ஓமந்தூரார் கட்டடம் 2014-ல் ஆஸ்பத்திரி ஆச்சு.)

இடிக்காம விட்டாங்களே, அதுக்குப் பாராட்டலாம். ஆனா இந்தக் கட்டடத்தைப் பத்தி யார் எழுதினாலும் கின்னஸோட நிறுத்திடறாங்க. எனக்கு அதுதான் உறுத்துது. அதே 1966-ல்தான் அங்கே குடும்பக்கட்டுப்பாட்டு வாரியம் வந்தது. 1972-ல் "ரெண்டோட நிறுத்துங்க"ன்னு பிரசாரம். அடுத்த வருஷம் அரசு ஆஸ்பத்திரிகள்ல அடுத்தடுத்த குழந்தைக்குப் பிரசவக் கட்டணம் ஏறிக்கிட்டே போச்சு. பி.காம். காரன் பாஷையில சொன்னா, டிமாண்டைக் குறைக்க விலையை ஏத்தினாங்க. இலவசமா ஆரம்பிச்ச இடத்துல, நாலாவது பிள்ளையோட வந்த ஏழைத் தாய்க்கு பில்லே அபராதம். வசதி உள்ளவங்களுக்கு அந்தப் பில் ஒரு பொருட்டா இருந்திருக்குமா?

1975-லயே பிறப்பு விகிதம் ரெண்டுக்குக் கிட்ட இறங்கிடுச்சு. 1987-ல் பயந்துபோய், முடிஞ்சா மூணு பெத்துக்கோங்கன்னு வரிச்சலுகை கொடுத்தாங்க. வரி கட்டுறவங்களுக்குத்தானே வரிச்சலுகை! 2023-ல் விகிதம் 0.97. விலையை ஏத்தினப்போ கேட்ட சனம், இறக்கினப்போ கேக்கலை.

என்னைக் கேட்டா, 1973 கட்டணப் பட்டியல் ஒண்ணை ஃப்ரேம் போட்டு அந்தப் பழைய கட்டட வாசல்ல மாட்டணும். கின்னஸ் சாதனை அதுக்குக் கீழ இருக்கட்டும்.