மல்லிக்கு ஆபரேஷனா?

எதிர் வீட்டு மாமி கூடையும் கையுமாக வந்தாள். கூடைக்குள் மல்லி, மூன்று வயதுப் பெண் முயல். இரண்டு மாதமாகப் பின்னங்காலை இழுத்து இழுத்துத்தான் நடக்கிறது.

"கர்ப்பப்பையை எடுத்துடணும்கிறார் டாக்டர். நொண்டி ஜீவனைக் கிடத்தி அறுக்கறதாவது! நீ நாலும் படிச்சவன், சொல்லேன்" என்றாள்.

படித்துப் பார்த்துச் சொன்னேன். வயது ஏற ஏறப் பெண் முயலுக்குக் கர்ப்பப்பையில் புற்றுநோய் காண்பது சகஜம். டாக்டர் வீணாகப் பயமுறுத்தவில்லை.

மாமியின் பயமும் வீணல்ல. 2008-ல் பிரிட்டனில் வெளியான ஓர் ஆய்வின்படி, மயக்க மருந்து கொடுத்த நாய்களில் சுமார் 600-க்கு ஒன்று இறந்தது. ஆரோக்கியமான முயல்களிலோ 137-க்கு ஒன்று. நோயுற்ற முயல்களில் 14-க்கு ஒன்று!

மல்லி எந்தக் கணக்கில் சேரும்? கால் ஏன் இழுக்கிறது என்று தெரிந்தால்தானே சொல்லலாம்? மூளையையும் சிறுநீரகத்தையும் தாக்கும் ஒரு நுண்கிருமியாலும் இப்படி ஆகும், அடிபட்டாலும் ஆகும். முயலின் எலும்பு லேசானது, பின்கால் தசையோ பலமானது. சரியாகத் தாங்காமல் தூக்கினால், உதறுகிற உதறலில் தன் முதுகெலும்பையே முறித்துக்கொள்ளும்.

இதைக் கேட்டதும் மாமியின் முகம் மாறியது.

"பேரன் ஒரு நாள் அள்ளித் தூக்கினான். துள்ளி விழுந்தது. குழந்தையைத் திட்டுவாரோன்னு டாக்டர்கிட்டே சொல்லலை."

"முதலில் அதைப் போய்ச் சொல்லுங்கள், மாமி" என்றேன்.

சொன்னாள். எக்ஸ்ரே எடுத்தார்கள், ரத்தமும் சோதித்தார்கள். பழைய அடிதான், சிறுநீரகம் நன்றாயிருக்கிறது, ஆபரேஷனைத் தாங்கும் என்றார் டாக்டர்.

"137-லே அந்த ஒண்ணு நம்ம மல்லியா இருந்துட்டா?" என்று மாமி கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. இரண்டு நாள் யோசித்துவிட்டு, அவளே திங்கட்கிழமைக்கு நாள் குறித்துவிட்டாள்.

முயல் வளர்க்கும் சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. ஆபரேஷன் என்றதும் நமக்குப் போல முயலைப் பட்டினி போடாதீர்கள். அதற்கு வாந்தி வராது. பட்டினி கிடந்தால் குடல்தான் வேலைநிறுத்தம் செய்யும். வீடு திரும்பியதும் தின்கிறதா, புழுக்கை போடுகிறதா என்று கவனியுங்கள். கால் விளங்காத முயலானால் மெத்தென்ற விரிப்பு வேண்டும். சிறுநீர் பட்டுப் புண்ணாகாமல் துடைத்துவிட வேண்டும். புல்லும் தண்ணீரும் வாய்க்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும்.

எதிர் வீட்டில் அந்த ஏற்பாடெல்லாம் இப்போதே தயார். செய்பவன் பேரன்தான். யாரும் அவனைத் திட்டவில்லை.