ஆய்வகத்தின் சாவி யார் கையில்?

பொதுச் சுகாதாரக் கல்வி நிலையம் ஒன்றின் வளாகத்துக்குள் நுழைபவர் முதலில் காண்பது பெயர்ப்பலகைகளையே. தொற்றுநோயியல் மையம், ஊட்டச்சத்து ஆய்வகம், தடுப்பூசி ஆய்வு மையம், சுகாதாரப் பொருளாதார மையம் என்று அவை வரிசையாக நீள்கின்றன. இந்த ஆண்டு எந்த நோயை ஆராய்வது, எந்த நோயைக் கைவிடுவது என்று முடிவு செய்தவர் யார் என்பது மட்டும் எந்தப் பலகையிலும் இருப்பதில்லை. நன்கொடை ஒப்பந்தத்தின் பின்னிணைப்பில் அது இருக்கும். அந்தப் பின்னிணைப்பை மாணவரும் காணமாட்டார், ஆய்வுக்கு இரத்தம் கொடுத்த உழைப்பாளியும் காணமாட்டார்.

“பணத்துக்கு நிறம் கிடையாது, கோடீஸ்வரர் கொடுத்தாலும் அரசு கொடுத்தாலும் ஆய்வு ஆய்வுதான், எதிர்ப்பவர்கள் அறிவியலின் எதிரிகள்” என்று தாராளமய அறிஞர்கள் உபதேசிக்கின்றனர். அறிவியலின் வரலாற்றை அவர்கள் அறியாதவர்கள் அல்லர். அறிந்தும் மறைக்கின்றனர் என்பதே குற்றச்சாட்டு.

பொதுச் சுகாதாரத்துக்கென்று தனிக் கல்வி நிலையம் என்ற ஏற்பாடே எண்ணெய் மூலதனத்தின் தொட்டிலில் வளர்ந்தது. ராக்ஃபெல்லர் அறக்கட்டளை 1913இல் பதிவு பெற்றது. அடுத்த ஆண்டே அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் லட்லோ என்னும் இடத்தில், ராக்ஃபெல்லர் குடும்பத்தின் ஆதிக்கத்திலிருந்த நிலக்கரி நிறுவனத்துக்கு எதிராக வேலைநிறுத்தம் செய்த சுரங்கத் தொழிலாளர்களின் கூடாரங்கள் எரிக்கப்பட்டன. பெண்களும் பதினொரு குழந்தைகளும் மாண்டனர். அதற்கு இரண்டாண்டுகள் கழித்து, 1916இல், அதே அறக்கட்டளையின் பணத்தில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் பொதுச் சுகாதாரப் பள்ளி நிறுவப்பட்டது. கொக்கிப் புழுவை ஒழித்தால் தோட்டத் தொழிலாளியின் உழைப்புத் திறன் உயரும் என்று கணக்கிட்ட அறக்கட்டளைக்கு, அவனது கூலியும் குடியிருப்பும் ஆய்வுப் பொருளாகத் தோன்றவில்லை.

1932இல் கல்கத்தாவில் தொடங்கப்பட்ட அகில இந்தியச் சுகாதார, பொதுச் சுகாதார நிறுவனமும் இதே பணத்தின் துணையால் எழுந்ததே. ஆயினும் அங்கே கதை சற்று வேறு விதமாகத் திரும்பியது. ஜான் கிராண்ட் இயக்குநராக இருந்த காலத்தில் சிங்கூரில் கிராமப்புறச் சுகாதார நிலையம் பயிற்சிக் களமாக அமைந்தது. (சிங்கூர் என்றால் இன்று தோழர்களின் மனத்தில் வேறு நினைவுகள் எழும், அது தனிக் கட்டுரைக்கு உரியது.) அந்த அனுபவம் 1946இல் வெளிவந்த போர் குழு அறிக்கைக்கு உதவிற்று. பணம் செலுத்த இயலாத எவருக்கும் சிகிச்சை மறுக்கப்படலாகாது என்று அந்த அறிக்கை கூறியது. மக்கள் இயக்கம் வலுவாக இருந்த காலத்தில், சுதந்திரத்தின் வாயிலில், அந்நியப் பணம் பெற்ற நிறுவனமும் மக்களின் கேள்விக்குப் பதில் சொல்ல நேர்ந்தது. எனவே சிக்கல் டாலரின் தேசத்தைப் பற்றியது மட்டுமன்று. ஆய்வுக்குரிய கேள்வியை முன்வைக்கும் அதிகாரம் எந்த வர்க்கத்திடம் இருக்கிறது என்பதைப் பற்றியது.

சென்னையின் அனுபவம் இதை இன்னும் தெளிவாக்குகிறது. 1956இல் சேத்துப்பட்டில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் தொடங்கியபோது, உலக மருத்துவம் காசநோயாளிக்கு வகுத்திருந்த வழி சானடோரியம்தான். நல்ல காற்று, நல்ல உணவு, மாதக்கணக்கில் ஓய்வு. இந்தியாவில் இலட்சக்கணக்கான நோயாளிகளுக்குப் படுக்கை ஏது? கூலி வேலைக்குப் போனால்தான் அடுப்பு எரியும் என்றிருப்பவர் மாதக்கணக்கில் ஓய்வெடுப்பது எப்படி? இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், சென்னை மாகாண அரசு, உலகச் சுகாதார அமைப்பு, பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் ஆகியவை இணைந்து நடத்திய ஆய்வு, நெருக்கடியான குடிசைகளில் அரைவயிற்று உணவுடன் மருந்து உட்கொண்டவர்களும் ஏறத்தாழ அதே அளவில் குணமடைந்ததை 1959இல் உலகுக்கு அறிவித்தது. வீட்டிலிருக்கும் நோயாளியால் குடும்பத்தினருக்குக் கூடுதல் ஆபத்து இல்லை என்பதையும் அந்த மையம் நிறுவியது. சானடோரியங்களின் காலம் முடிவுற்றது. பெங்களூர் தேசியக் காசநோய் நிறுவனத்தில் தேபபர் பானர்ஜி முதலியோர் தும்கூர் மாவட்டக் கிராமங்களில் நடத்திய ஆய்வு, நோயாளிகளில் பாதிக்கும் மேற்பட்டோர் தாமாகவே அரசு மருத்துவ நிலையங்களை நாடியிருந்ததையும், இருமல் மருந்துப் புட்டியுடன் அவர்கள் திருப்பி அனுப்பப்பட்டதையும் 1963இல் வெளிப்படுத்தியது. “மக்கள் அறியாமையால் நோயை மறைக்கிறார்கள்” என்ற மேட்டுக்குடிப் புலம்பலை அந்த ஆய்வு தகர்த்தது. இதே பானர்ஜிதான் பின்னர் ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தின் சமூக மருத்துவ, சமுதாயச் சுகாதார மையத்தை உருவாக்கியவர்.

இந்த மரபை வளர்ப்பதற்கு மாறாக ஆளும் வர்க்கங்கள் என்ன செய்தன? 2006இல் இந்தியப் பொதுச் சுகாதார அறக்கட்டளையைப் பிரதமர் மன்மோகன் சிங் தொடங்கி வைத்தார். அரசுப் பணம், கேட்ஸ் அறக்கட்டளைப் பணம், தனியார் செல்வந்தர்களின் பணம் ஆகியவற்றின் கலவை அது. ஆட்சிக் குழுவின் முதல் தலைவர் மெக்கின்சி நிறுவனத்தின் முன்னாள் தலைவர் ரஜத் குப்தா. பங்குச் சந்தையின் உள்தகவலைக் கசியவிட்ட குற்றத்துக்காக 2012இல் அமெரிக்க நீதிமன்றம் தண்டித்தது இவரைத்தான். காந்திநகர், ஹைதராபாத், டில்லி, புவனேஸ்வர் எனப் பல இடங்களில் இந்த அறக்கட்டளையின் கல்வி நிலையங்கள் எழுந்தன. அங்கே பணியாற்றும் ஆய்வாளர்களின் நேர்மை இங்கே கேள்விக்குரியதன்று. புகையிலைக்கு எதிராக அவர்கள் ஆற்றிய பணி மதிக்கத்தக்கது. கேள்வி அமைப்பைப் பற்றியது. நாட்டின் தடுப்பூசித் திட்டத்துக்குத் தொழில்நுட்ப ஆலோசனை வழங்கும் பிரிவே இந்த அறக்கட்டளையில் கேட்ஸ் பணத்தில் பல ஆண்டுகள் இயங்கியது. ஓர் அமைச்சகத்தின் மூளைக்கு வேறொருவர் சம்பளம் கொடுக்கும்போது, அந்த மூளை யாருக்காகச் சிந்திக்கும் என்று கேட்பது சதிக் கோட்பாடு ஆகாது.

கம்மம் மாவட்டத்தின் பழங்குடிச் சிறுமிகள் அதன் விலையைக் கொடுத்தார்கள். 2009இல் பாத் என்னும் அமெரிக்க அமைப்பு, கேட்ஸ் நிதியுடன், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலையும் இரு மாநில அரசுகளையும் இணைத்துக்கொண்டு ஆந்திரத்தின் கம்மத்திலும் குஜராத்தின் வதோதராவிலும் 10 முதல் 14 வயதுச் சிறுமிகள் ஏறத்தாழ 24,000 பேருக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி செலுத்தும் திட்டத்தைத் தொடங்கியது. ஊசிகளை அளித்தவை மெர்க், கிளாக்ஸோ நிறுவனங்கள். ஏழு சிறுமிகள் இறந்த செய்தி வெளிவந்து, பெண்கள் அமைப்புகளும் இடதுசாரி நாடாளுமன்ற உறுப்பினர்களும் குரல் எழுப்பிய பின்னர், 2010 ஏப்ரலில் திட்டம் நிறுத்தப்பட்டது. மரணங்களுக்குத் தடுப்பூசி காரணமாக இருக்க வாய்ப்பில்லை என்று விசாரணைக் குழு கூறியது. அந்தத் தடுப்பூசி புற்றுநோயைத் தடுக்க வல்லது என்பதிலும் ஐயமில்லை. ஏழைப் பெண்களுக்கு அது இலவசமாகக் கிடைக்க வேண்டும் என்பதே இடதுசாரிகளின் நிலை. ஆயின் 2013 ஆகஸ்டில் நாடாளுமன்ற நிலைக்குழு தாக்கல் செய்த 72ஆவது அறிக்கை அம்பலப்படுத்தியது வேறொன்றை. ஆந்திரத்தில் ஆராயப்பட்ட 9,543 ஒப்புதல் படிவங்களில் 1,948இல் கைநாட்டு மட்டுமே இருந்தது. 2,763இல் கையெழுத்திட்டவர்கள் விடுதிக் காப்பாளர்கள். பெற்றோர் காட்டிலும் வயலிலும் உழைத்துக்கொண்டிருக்க, மகளின் உடலின் மீது விடுதிக் காப்பாளர் கையெழுத்திட்டார். அரசின் தடுப்பூசித் திட்டத்தில் தங்கள் சரக்கை நுழைத்துக் கொள்ளை இலாபம் காண நிறுவனங்களுக்கு வழி செய்வதே நோக்கம் என்று நிலைக்குழு கட்சி வேறுபாடின்றி எழுதியது. இதைச் “செயல்விளக்கத் திட்டம்” என்று அழைத்ததால் மருந்துச் சோதனைக்குரிய விதிகள் ஒதுக்கி வைக்கப்பட்டன. ஒரு சொல்லை மாற்றினால் சட்டமும் மாறிவிடுகிறது!

இது இந்தியா போன்ற ஏழை நாடுகளுக்கே நேரும் விபத்து என்று எண்ணிவிட வேண்டாம். ஹார்வர்டின் ஊட்டச்சத்துத் துறை ஆய்வாளர்களுக்கு 1960களில் அமெரிக்கச் சர்க்கரை முதலாளிகளின் அமைப்பு 6,500 டாலர் கொடுத்தது. 1967இல் உலகின் முதன்மையான மருத்துவ இதழொன்றில் வெளிவந்த அவர்களது கட்டுரை, இதய நோய்க்கான பழியைக் கொழுப்பின் மீது சுமத்திச் சர்க்கரையை விடுவித்தது. பணம் கொடுத்தவரின் பெயர் கட்டுரையில் இல்லை. ஆவணங்கள் வெளிச்சத்துக்கு வர 2016 வரை ஆயிற்று. எவ்வளவு மலிவாக விலைபோயிற்று ஒரு மாபெரும் பல்கலைக்கழகத்தின் பெயர்! மறுபுறம், ஃபிலிப் மோரிஸ் சிகரெட் நிறுவனம் “புகையில்லா உலகம்” என்ற பெயரில் அறக்கட்டளை அமைத்து ஆண்டுக்கு 8 கோடி டாலர் தருவதாக அறிவித்தபோது, அமெரிக்காவையும் கனடாவையும் சேர்ந்த 17 பொதுச் சுகாதாரப் பள்ளிகளின் தலைவர்கள் அந்தப் பணத்தைத் தொடமாட்டோம் என்று 2018இல் அறிவித்தார்கள். பணத்துக்கு நிறம் உண்டு என்று அவர்களே ஒப்புக்கொண்ட நாள் அது.

ஆராயப்படும் பொருளைக் காட்டிலும் ஆராயப்படாது விடப்படும் பொருளே வர்க்க ஆதிக்கத்தைத் துல்லியமாகக் காட்டும். போபாலில் விஷவாயு தாக்கியவர்களின் உடல்நிலையைத் தொடர்ந்து கண்காணிக்க இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 80,021 பேரைப் பதிவு செய்தது. 1994இல் அந்த ஆய்வுகளை அதுவே முடித்துக்கொண்டது. பாதிப்பு முடிந்துவிட்டதாலா? மூச்சுத் திணறலும் கண் நோயும் தொடர்ந்துகொண்டிருந்தன. சுற்றுச்சூழல் சுகாதார ஆராய்ச்சிக்கென்று போபாலில் தேசிய நிறுவனம் அமைக்கப்பட்டது 2010இல். இடைப்பட்ட பதினாறு ஆண்டுகளின் தரவை எந்த ஆய்வகத்தாலும் திரும்ப உருவாக்க இயலாது. கல்குவாரித் தொழிலாளியின் சிலிக்கோசிஸ், பருத்தி ஆலைத் தொழிலாளியின் நுரையீரல், மலக்குழியில் இறங்குபவரின் மரணம் ஆகியவற்றுக்கு நன்கொடையாளர் வரிசையில் நிற்பதில்லை. அந்த ஆய்வுகளின் முடிவு முதலாளியின் கல்லாவைத் தொடும் என்பதே காரணம்.

மையங்களின் உள்ளே நிலவும் உழைப்பு உறவும் இதே தன்மையுடையது. திட்டம் இருக்கும் வரை சம்பளம், திட்டம் முடிந்தால் வீடு என்ற ஒப்பந்த வாழ்க்கையில் இளம் ஆய்வாளர்கள் தள்ளப்பட்டுள்ளனர். அடுத்த நிதிக்கு விண்ணப்பம் எழுதுவதே பேராசிரியரின் முதல் வேலை ஆகிவிட்டது. வீடு வீடாகச் சென்று தரவு திரட்டும் பணி, தொழிலாளி என்ற தகுதிகூட வழங்கப்படாத ஆஷா ஊழியர்களின் தலையில் விழுகிறது. ஆய்வுக் கட்டுரையின் ஆசிரியர் பட்டியலில் அவர்களுக்கு இடமில்லை.

மோடி அரசு இதற்கு மாற்று என்று சங் பரிவாரம் பறைசாற்றுவது கேலிக்கூத்து. 2017 ஏப்ரலில் இந்தியப் பொதுச் சுகாதார அறக்கட்டளையின் அந்நிய நிதி உரிமத்தை உள்துறை இரத்து செய்தது. கேட்ஸின் செல்வாக்கைக் கண்டு எழுந்த ஆவேசம் அன்று அது. அந்நியப் பணத்தைக்கொண்டு புகையிலைக் கட்டுப்பாடு குறித்து நாடாளுமன்ற உறுப்பினர்களிடமும் ஊடகங்களிடமும் வாதாடியதே குற்றமாகச் சொல்லப்பட்டது. அதாவது, அந்த நிறுவனம் செய்தவற்றுள் மக்களுக்கு உகந்த பணிக்கே தண்டனை! அதே 2017இல் ஜேஎன்யுவின் எம்.ஃபில்., பிஎச்.டி. இடங்கள் ஆயிரத்துக்கும் மேலிருந்து இருநூறுக்கும் கீழே வெட்டப்பட்டன. பானர்ஜி வளர்த்த மரபு வாழ்ந்ததும் இந்த வளாகத்தில்தான். 2023இல் நிறைவேற்றிய அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளைச் சட்டத்தின்போது, ஐந்தாண்டுகளுக்கு 50,000 கோடி ரூபாய் என்று அரசு முரசறைந்தது. அதில் ஏறத்தாழ 36,000 கோடி அரசுக்கு வெளியிலிருந்து, தொழில் நிறுவனங்களிடமிருந்தும் கொடையாளர்களிடமிருந்தும் வரும் என்பதே திட்டம். ஆய்வின் நிகழ்ச்சி நிரலைக் கார்ப்பரேட்டுகளிடம் ஒப்படைப்பதற்கு இதைவிட வெளிப்படையான வாக்குமூலம் வேண்டுமோ?

காங்கிரஸ் ஆட்சிக்கும் இதில் நற்சான்று தர இயலாது. கிண்டி பிசிஜி ஆய்வகம், குன்னூர் பாஸ்டர் நிறுவனம், கசௌலி மத்திய ஆராய்ச்சி நிறுவனம் ஆகிய மூன்று பொதுத்துறைத் தடுப்பூசிக் கூடங்களின் உற்பத்தி உரிமத்தை 2008 ஜனவரியில் நிறுத்தி வைத்தது அந்த ஆட்சியே. தரம் குறைவு என்றார்கள். தரத்தை உயர்த்தப் பணம் ஒதுக்காதவர்களும் அவர்களே. தொழிலாளர்களும் மக்கள் அறிவியல் இயக்கத்தினரும் போராடிய பின்னர் 2010இல் உரிமம் மீண்டது. இடைவெளியில் தனியார் நிறுவனங்கள் சந்தையைக் கைப்பற்றிவிட்டன. செங்கல்பட்டில் பல நூறு கோடியில் எழுந்த தடுப்பூசி வளாகம், கொரோனாவின் உச்சத்திலும் ஒரு புட்டி தடுப்பூசி தரவில்லை.

2025க்குள் சுகாதாரத்துக்கு மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 2.5 சதவீதம் என்று 2017ஆம் ஆண்டின் தேசியச் சுகாதாரக் கொள்கை எழுதி வைத்த வாக்குறுதி நிறைவேறவில்லை. அந்தப் பற்றாக்குறையைக் காட்டித்தான் கொடையாளர் வரவேற்கப்படுகிறார். அரசே பள்ளத்தைத் தோண்டிவிட்டு, பாலம் கட்ட வந்தவர் என்று அவருக்கு மாலை சூட்டுகிறது.

பல்கலைக்கழகங்களில் பணியாற்றும் கட்சி உறுப்பினர்களுக்கும் மாணவர், ஆசிரியர், ஊழியர் அமைப்புகளுக்கும் முன்னுள்ள வேலை தெளிவானது. புதிய மையம் ஒன்று திறக்கப்படும்போது அதன் புரிந்துணர்வு ஒப்பந்தத்தின் முழு நகலைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கோர வேண்டும். ஆய்வுப் பொருளைத் தேர்வு செய்யும் குழுவில் யார் உள்ளனர், வெளியிடும் முன் கட்டுரையைப் பார்க்கும் உரிமை கொடையாளருக்கு உண்டா, திரட்டப்படும் தரவு எந்த நாட்டுக் கணினியில் சேமிக்கப்படும், களப்பணியாளருக்கு என்ன ஊதியம், ஆய்வில் ஒருவர் பாதிக்கப்பட்டால் இழப்பீடு தருபவர் யார் என்னும் ஐந்து கேள்விகளையும் அந்த விண்ணப்பத்திலேயே எழுத வேண்டும். நெறிமுறைக் குழுக்களில் தொழிற்சங்கத்தின், விவசாயத் தொழிலாளர் சங்கத்தின் பிரதிநிதிக்கு இடம் கேட்க வேண்டும். கம்மத்தில் அத்தகைய ஒருவர் இருந்திருந்தால், 2,763 படிவங்களில் கையெழுத்திட்டவர் யார் என்று கேட்க நான்கு ஆண்டுகள் ஆகியிருக்காது.