அங்பாவும் இரண்டு விழுக்காடும்

சீனப் புத்தாண்டின் நான்காம் நாள், 2018 பிப்ரவரி 19. தொலைக்காட்சியில் சிங்கப்பூர் நிதியமைச்சர் ஹெங் சுவீ கியட் வரவுசெலவுத் திட்டத்தை வாசித்துக்கொண்டிருந்தார். அம்மா கீரை ஆய்ந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். 9.6 பில்லியன் வெள்ளி உபரியாம். 21 வயது நிரம்பிய குடிமக்களுக்கு வருமானத்துக்கேற்ப 100 முதல் 300 வெள்ளி ‘அங்பாவ்’ அன்பளிப்பு. அம்மாவின் முகம் மலர்ந்தது. அதே உரையில் இன்னொன்றும் வந்தது: பொருள் சேவை வரி 7 விழுக்காட்டிலிருந்து 9 ஆகப்போகிறது.

“மிச்சம் இருக்குங்கிறாங்க. அப்புறம் எதுக்குப்பா வரி?”

அமைச்சரிடம் பதில் இருந்தது. அந்த உபரியில் பெரும்பங்கு நாணய ஆணையம் தந்த கூடுதல் தொகையும் சொத்து முத்திரைத் தீர்வையும்தான். அவை ஆண்டுதோறும் வராது. முதியோர் மருத்துவச் செலவு ஆண்டுதோறும் வரும். நியாயம்தான். தீபாவளி போனசை நம்பி யாரும் மாத வாடகைக்கு வீடு பிடிப்பதில்லை.

அம்மாவின் கணக்கு வேறு. “மாசம் 1,250 வெள்ளி செலவுன்னா வருஷத்துக்கு 15,000. அதுல ரெண்டு விழுக்காடு 300. அங்பாவ் ஒரே வருஷத்துல போச்சு.”

இங்கே உபரிக்கு ஒரு பூட்டும் உண்டு. ஒரு அரசாங்கம் தன் தவணைக்காலத்தில் மிச்சப்படுத்தியது, தவணை முடிந்ததும் கடந்தகால இருப்பில் சேர்ந்துவிடும். பிறகு அதை எடுக்க அதிபரின் ஒப்புதல் வேண்டும். கொவிட் காலத்தில் அந்தப் பெட்டகத்திலிருந்து ஏறத்தாழ 40 பில்லியன் வெள்ளி எடுத்தார்கள். அன்று பூட்டை யாரும் குறை சொல்லவில்லை.

வரி 2023இல் 8 ஆனது, 2024இல் 9 ஆனது. 2025 பிப்ரவரியில் பிரதமர் லாரன்ஸ் வோங் மறுபடி ஓர் உபரியை அறிவித்தார்: 6.4 பில்லியன். இம்முறை நிறுவன வரி எதிர்பார்த்ததைவிட அதிகமாக வந்துவிட்டதாம்.

சேமிப்பதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் எதிர்பாராமல் ஒருமுறை வந்தால் அதிர்ஷ்டம். மறுபடியும் வந்தால், எதிர்பார்ப்பையே அல்லவா திருப்பிப் பார்க்க வேண்டும்? வரியை உயர்த்தக் காட்டிய அதே கவனத்தை மதிப்பீட்டிலும் காட்டலாமே.

அந்த 2025 வரவுசெலவுத் திட்டத்தில், 60 வயது தாண்டிவிட்டதால் அம்மாவுக்கு 800 வெள்ளிக்குப் பற்றுச்சீட்டு கிடைத்தது. அத்தனையையும் பொருள் சேவை வரி வசூலிக்கும் கடைகளில் செலவழித்தால் அதில் 66 வெள்ளி வரியாகவே திரும்பிப் போய்விடும் என்று கணக்குப் போட்டுச் சொன்னேன். அம்மா ரசீதை உற்றுப் பார்த்தார்.

“ஆமா, கடைசி வரியில வரி.”