படம் புடிக்கிறது யாரு?

நான் மூங்கில்துறைப்பட்டு காலனிக்காரன். தென்பெண்ணைக் கரை, கரும்பு ஆலை, வெட்டுக்கூலி இதுதான் எங்க பூமி. எங்க தாத்தா சாவுக்குப் பறையடிச்சவர். அவர் கையையும் பறையையும் படம் எடுத்துக்கொண்டு போனவர்கள் உண்டு. பேர் என்ன என்று கேட்டவர் ஒருத்தரும் இல்லை.

இந்த வயித்தெரிச்சலோடுதான் 'ஜெய் பீம்' படத்தைப் பற்றிச் சொல்கிறேன். 1993இல் விருத்தாசலம் பக்கம் முதனை கிராமத்து ராசாக்கண்ணு போலீஸ் காவலில் அடித்துக் கொல்லப்பட்டார். மனைவி பார்வதி விடாமல் போராடினார். வழக்கை நடத்தியவர் வழக்கறிஞர் சந்துரு. 2021இல் வந்த படத்தில் சந்துரு சந்துருவாகவே இருக்கிறார். பார்வதி செங்கேணி ஆகிவிட்டார். குறவர் குடும்பம் இருளர் குடும்பம் ஆகிவிட்டது.

இருளர்கள் மேல் பொய் வழக்கு விழுவது சத்தியம். அதை ஊருலகத்துக்குக் காட்டிய நல்ல படம்தான், மறுக்கவில்லை. இருளருக்கும் குறவருக்கும் சண்டை மூட்டவும் வரவில்லை. என் கேள்வி வேறு. வக்கீல் பேரை மாத்த மனசு வரலை. அடிபட்ட சனத்தின் பேரை மட்டும் எப்படி மாத்த முடிஞ்சது? அடித்தட்டு மக்கள் என்றால் ஒருத்தருக்குப் பதில் இன்னொருத்தர், அவ்வளவுதானா?

இது உலகம் முழுக்க நடந்த கதை. 1922இல் ஃபிளாஹர்ட்டி எடுத்த 'நானூக் ஆஃப் தி நார்த்' ஆவணப்படத்தின் முன்னோடி என்று பேரெடுத்தது. நானூக்காக வந்த இன்யூட் மனிதரின் உண்மைப் பேர் அல்லகரியல்லக். துப்பாக்கி புழங்கிய காலத்தில் அவரை ஈட்டி பிடிக்க வைத்தார்கள். வெளிச்சம் வேணும் என்று பனிவீட்டைப் பாதியாகக் கட்டவைத்தார்கள். 79 வருசம் கழித்து அதே இன்யூட் இனத்து ஜக்கரியாஸ் குனுக், தன் மொழியில், தன் சனத்தை நடிக்கவைத்து 'அட்டனர்ஜுவட்' எடுத்தார். 2001இல் கான் திரைப்பட விழாவில் முதல் படத்துக்கான 'தங்கக் கேமரா' விருது வாங்கினார். எல்லா ஊர்க்காரனும் பார்த்தான். பார்க்கிறவனுக்காகத் தன்னை ஈட்டிக்காரனாக்கிக்கொள்ள வேண்டிய அவசியம் குனுக்குக்கு வரவில்லை.

நம்ம கல்வராயன் மலைக்கு வருவோம். 1976 வரை ஜாகிர்தார்களின் பிடியில் கிடந்த மலை. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60க்கும் மேற்பட்டவர்கள் செத்தபோது மலைக்கும் கேமராக்கள் ஏறின. மலைன்னா சாராயம், மலையாளின்னா சாராயம் காய்ச்சுறவன்! சாமை விதைக்கிறவனை, தேன் எடுக்கிறவனை, ரோடு இல்லாமல் நோயாளியைத் தூக்கிச் சுமக்கிறவனை எந்தக் கேமராவும் தேடவில்லை.

ஆதிக்க சாதிக்காரனை மட்டும் திட்டிவிட்டுப் போனால் நான் யோக்கியன் இல்லை. நானும் போனேன். சங்கராபுரம், கள்ளக்குறிச்சி, கச்சிராயபாளையம்னு பஸ் மாறி வெள்ளிமலைக்குப் போய், ஒரு கிழவி பாடியதைச் செல்போனில் பிடித்தேன். பாடி முடித்துவிட்டுக் கேட்டாள்:

"இத யாருக்குப்பா காட்டப் போற? எங்களுக்கு எப்ப காட்டுவ?"

வாயடைத்துப் போனேன். தாத்தாவின் கையைப் படமெடுத்துப் போனவனுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? தலித் என்பதால் என் கேமராவுக்குத் தனிப் புண்ணியம் கிடையாது.

தோழர்களே, நாம் கேட்க வேண்டியது இரக்கப் படங்கள் அல்ல. மலைப் பிள்ளைகள் கையில் கேமரா வேண்டும், அதை இயக்கவும் படத்தைத் தொகுக்கவும் பயிற்சி வேண்டும். வெளியாள் எடுத்தால் பாடினவர் பேர் படத்தில் வரணும், வருகிற காசில் பங்கு வரணும். முதல் காட்சி அந்த ஊரிலேயே நடக்கணும். "வேண்டாம், இதக் காட்டாத" என்று சொன்னால் அந்தச் சொல்தான் கடைசிச் சொல்.

கிழவியின் பாட்டை நான் எங்கும் போடவில்லை. அடுத்த மாசம் மலையேறுகிறேன், அவளுக்குக் காட்ட. வேணாம்னு சொன்னா அங்கேயே அழிச்சிடுவேன்.