கருணைத் தொகையும் இழப்பீடும்

ஊர்ப் பெயரை 2024-ல் ஸ்ரீ விஜயபுரம் என்று மாற்றிவிட்டார்கள். எங்கள் வாயில் இன்னும் போர்ட் பிளேர்தான். மாற்றலாகி இங்கே வந்து நாலு வருடம் ஆகிறது. எழுத வேண்டாம் என்று தள்ளிப்போட்டுக்கொண்டே வந்த ஒரு விஷயத்தை இன்று எழுதிவிடுகிறேன்.

சில மாதங்களுக்கு முன் ஒரு கட்டட வேலையில் நம் இராமநாதபுரம் பக்கத்து கொத்தனார் ஒருவர் சாரத்திலிருந்து விழுந்து இறந்துபோனார். வயது 40. காண்டிராக்டரும் தமிழர்தான். உடலை விமானத்தில் அனுப்பினார், ஒன்றரை லட்சம் கொடுத்தார். இறந்தவரின் மச்சானிடம் "இனி எந்தப் பாத்தியதையும் இல்லை" என்று முத்திரைத்தாளில் கையெழுத்தும் வாங்கிக்கொண்டார். பேசி முடித்துவைத்த பெரியவர்களில் நானும் ஒருவன். பணத்தை எண்ணிக் கொடுத்ததே நான்தான். (பேங்க்காரன் எண்ணினால் சரியாக இருக்குமாம்!)

வீட்டுக்கு வந்தபின் தூக்கம் வரவில்லை. பி.காம். படித்தவன், கணக்கையாவது போட்டுப் பார்த்திருக்க வேண்டாமா?

தொழிலாளி இறந்தால் மாதச் சம்பளத்தில் பாதியை வயதுக்கேற்ற காரணியால் பெருக்க வேண்டும். 40 வயதுக்கு அது 184.17. சம்பளம் எவ்வளவு இருந்தாலும் கணக்குக்கு 15,000 ரூபாய்தான் உச்சம், 2020-ல் வந்த அறிவிப்பு. அவருடைய நாள் கூலி 800. ஆக 7,500 பெருக்கல் 184.17. மொத்தம் 13,81,275 ரூபாய். நான் எண்ணிக் கொடுத்தது அதில் ஒன்பதில் ஒரு பங்கு.

இதைக் கருணை என்று நினைத்து நாம் கும்பிடுகிறோம். 2014 ஜனவரி 26 அன்று இங்கே அக்வா மரைன் என்ற சுற்றுலாப் படகு கவிழ்ந்து இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், பெரும்பாலோர் தமிழ்நாட்டுக்காரர்கள். அப்படிப்பட்ட விபத்துகளில் அரசு அறிவிப்பது கருணைத் தொகை. கொடுப்பவர் மனசுதான் அதற்கு அளவு. இழப்பீடு அப்படியல்ல, அதற்குச் சட்டத்தில் அளவு இருக்கிறது.

பழைய 1923 சட்டத்திலும் சரி, 2025 நவம்பர் 21 முதல் அதன் இடத்துக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பிலும் சரி, முதலாளி மேல் தப்பு என்று நிரூபிக்கவே தேவையில்லை. வேலை நேரத்தில், வேலை காரணமாக அடிபட்டால் போதும். "பெல்ட் போடாதது அவன் தப்புதானே" என்று காண்டிராக்டர் சொன்னபோது நாங்கள் எல்லோரும் தலையாட்டினோம். உயிரே போன பிறகு அந்த வாதம் செல்லாது. உரிமையை விட்டுக்கொடுத்ததாக எழுதி வாங்கிய தாளும் செல்லாது. மரணம் என்றால் பணத்தைத் தொழிலாளர் துறை அதிகாரியிடம்தான் கட்ட வேண்டும். முன்பணமாகக் கொடுத்த சிறு தொகை தவிர, கையில் கொடுத்தது கணக்கில் சேராது. (இ.எஸ்.ஐ. உள்ளவர்களுக்கு வழி வேறு.)

நம்மைப் போல ஊர் விட்டு ஊர் வந்தவர்களுக்கு முக்கியமான விஷயம், விபத்து நடந்த இடத்தில்தான் மனு போட வேண்டும் என்றில்லை. குடும்பம் வசிக்கும் ஊரிலேயே போடலாம். மூன்று நாள் கப்பலில் வந்து இங்கே அலைய வேண்டியதில்லை. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும், அவ்வளவுதான்.

ஒன்று மட்டும் என்னால் முடிந்தது. அவருடைய பாஸ்புக்கைப் பார்த்தேன். பிரதம மந்திரி சுரக்ஷா பீமா திட்டத்துக்கு வருடா வருடம் 20 ரூபாய் பிடித்திருந்தது. விபத்து மரணத்துக்கு 2 லட்சம். வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. பிடித்தவர்கள் நாங்கள், சொல்லாதவர்களும் நாங்கள்தான். எஃப்.ஐ.ஆர்., பிரேதப் பரிசோதனை அறிக்கை எல்லாம் சேர்த்து அனுப்பி, பணம் வந்துவிட்டது.

மீதிக்கு மச்சானை ஃபோனில் பிடித்தேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார்.

"நீங்க சொல்றது புரியுது சார். ஆனா என் தம்பி இன்னமும் அவர்கிட்டதானே வேலை பாக்குறான்?"

எனக்குப் பதில் வரவில்லை. அடுத்த மாதம் லீவில் ஊருக்குப் போகிறேன். அந்த அம்மாவை நேரில் பார்த்து, நான் போட்ட கணக்கை அவரிடமே சொல்லிவிட்டு வரலாம் என்றிருக்கிறேன்.