ஓடம் மறந்த எயிற்பட்டினம்

'செலவு' என்றால் பணம் கரைதல் என்று மட்டுமே இன்று பொருள் கொள்கிறோம். செல்லுதலே செலவு. பாவேந்தர் பாரதிதாசன் சென்னையிலிருந்து நண்பர்களோடு ஓடமேறிச் சென்றதை 'மாவலிபுரச் செலவு' என்றே பாடினார். நீரழகை மட்டும் பாடி அமைந்தாரல்லர். கரைவழியே ஓடத்தைக் கயிறு பிணைத்து இழுத்த உழைப்பாளரின் துயரையும் பாடினார்.

அந்நீர்வழி மாவலிபுரத்தோடு முடியவில்லை. தெற்கே நம் மரக்காணம் வரை நீள்கிறது. அண்மையில் காணையிலிருந்து திண்டிவனம் வழியாகப் பேருந்தில் சென்று அதன் கரையில் நின்றேன். திண்டிவனத்தை ஒட்டிய கிடங்கில், ஓய்மானாட்டு நல்லியக்கோடனின் ஊர். சிறுபாணாற்றுப்படை கூறும் எயிற்பட்டினம் மரக்காணமே என்பர் ஆராய்ந்தோர். அப்பட்டினத்தில் இன்று அளந்தோறும் வெள்ளைக் குன்றுகளாய் உப்பு. ஏற்றிச் செல்பவை சரக்குந்துகள். கால்வாயிலோ உப்பேற்றிய ஓடம் ஒன்றையும் கண்டேனல்லேன்.

பெயரையேனும் பாருங்கள்! 1806-இல் சென்னைக்கு வடக்கே இக்கால்வாய் தொடங்கியபோது வெள்ளை வணிகன் காக்கிரேன் பெயர். 1877–78 வற்கடத்தில், பசியால் துவண்ட நம் மக்கள் கூலிக்கு மண் சுமந்து அடையாற்றையும் கூவத்தையும் இணைத்தனர். அதன்பின் ஆளுநன் பக்கிங்காம் பெயர்! வெட்டிய கைகளுக்கு ஒரு கல்லெழுத்தும் இல்லை. கால்வாய் வேண்டாவென்று நான் கூறவில்லை; அடிமைப் பெயரைத்தான் வேண்டா என்கிறேன்.

2008-இல் நடுவணரசு இதனை நான்காம் நாட்டு நீர்வழியின் பகுதியாக அறிவித்தது. அறிவிப்பு வந்தது, ஓடம் வரவில்லை. சென்னையிலோ பறக்கும் தொடர்வண்டியின் தூண்களை இக்கால்வாயின் வயிற்றிலேயே ஊன்றிவிட்டனர். சாய்க்கடை கலந்து நாறுவதை எழுதவும் வேண்டுமோ?

சென்னையை விட்டுவிடுவோம். மாவலிபுரம் முதல் மரக்காணம் வரையேனும் தூர்வாரலாமே! மரக்காணத்தை அடுத்த கழுவெளி 2021-இல் பறவைப் புகலிடமாக அறிவிக்கப்பட்டது. அவ்வுவர்நீர்ப் பரப்புக்கு ஊறின்றியே அப்பணி நடைபெற வேண்டும். அன்று கயிறிழுத்துத் தேய்ந்த தோள்கள் இன்று தேவையில்லை; பொறி உண்டு. கால்வாய்க்கு எயிற்பட்டினக் கால்வாய் என்று பெயரிடுக. மரக்காணத்து உப்பை ஏற்றி முதல் ஓடம் வடக்கே புறப்படும் நாளில், காணையிலிருந்து வந்து மூட்டைகளின்மேல் அமர்ந்தேனும் நான் செல்வேன்.